இரு திரைக் காட்சி இலக்கணம்: மலையகத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரே கணினியில் இரண்டு மொனிட்டர் பூட்டி, கண்காணிப்புக் கமராக்களின் காட்சிகளை விரித்துப் பார்ப்பது இரு திரைக் காட்சி எனப்படும். ஒற்றைத் திரையில் 16 கமராக்களைப் போட்டால் நாலுக்கு நாலாகக் கட்டம் விழும். ஆள் இருப்பது தெரியும், யாரென்று தெரியாது. அதனால் இரண்டாவது திரை தோன்றிற்று. ஒன்றில் எல்லாக் கட்டங்களும் தரம் குறைந்த காட்சியாக ஓடும். மற்றதில் தோட்டத் துரை விரும்பிய ஒரு கட்டம் மட்டும் முழுத் தரத்தில் நிற்கும்.

1942இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் ராக்கெட் ஏவுவதைத் தள்ளி நின்று பார்க்க வால்டர் புரூக் அமைத்த ஏற்பாட்டை இக்கலையின் ஆதி என்பர். அங்கிருந்து, கைதிகளை ஓயாமல் கண்காணிக்க 1791இல் பெந்தாம் வெளியிட்ட சிறைத் திட்டத்துக்கும், அதை ஆராய்ந்து 1975இல் வந்த ஃபூக்கோவின் நூலுக்கும் தாவுவது ஆய்வாளர் மரபு. கமரா பூட்டிய கம்பத்தை ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அம்மரபில் இல்லை.

காட்சிகள் ஐவகை. ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் காட்சி காலையில் மட்டும் பார்க்கப்படும். கேட்டுக் காட்சியில் லொறி வரும், போகும். வாட்டும் மாடக் காட்சியில் கொழுந்து வாடும், பார்ப்பவரும் வாடுவார். நான்காவதான மூட்டக் காட்சியே விரிவான ஆய்வுக்குரியது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனிமூட்டம் இறங்கிய இரவில் கமராவின் அகச்சிவப்பு ஒளி நீர்த்திவலைகளில் பட்டு லென்சுக்கே திரும்புவதால் கட்டம் முழுதும் வெளுத்துவிடும். பதினாறும் வெளுத்த பின் ஏழாம் கட்டத்து மூட்டமும் எட்டாம் கட்டத்து மூட்டமும் ஒன்றா, வேறா? இதில் அறிஞர் இரு அணியாகப் பிரிந்தனர். ஒன்றே என்போருக்குச் சான்று, பழைய செக்ரோல் என்னும் பேர்ப்பதிவேட்டின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிய ஓர் உரை. வேறே என்போர் அவ்வுரையின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிய மறுப்பைக் காட்டுவர். மறுப்புக்கு மறுப்பு அதே பக்கத்தில் தேநீர்க் கறையாக மட்டும் கிடைத்துள்ளது. கறையில் இரு வளையங்கள் இருப்பதால் கோப்பையை இருமுறை வைத்திருக்கிறார்கள் என்றும், எனவே பிற்சேர்க்கை உண்டென்றும் ஒரு சாரார் வாதிடுவர். அக்கறையைச் சங்க காலத்துக்குக் கொண்டுபோகத் துணிவோர் நம் பல்கலைக்கழகங்களில் இல்லாமலில்லை. இலங்கையில் வணிகத் தேயிலை 1867இல் லூல்கந்துரவில்தான் தொடங்கிற்று என்பது அவர்களுக்கு ஒரு தடையன்று.

சிலந்தியும் இவ்வியலுள் அடங்கும். ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்சின் முன் வலை காற்றிலாடினால் மென்பொருள் அதை ஆள்நடமாட்டமாகக் கொண்டு இரண்டாம் திரையில் முழு அளவில் எழுப்பும். மயிர்க்கால் தெரியும் எட்டுக் கால்கள் திரையை நிறைக்க, காவலாளி டோர்ச்சுடன் ஓடுவார். அதே மூட்டத்துக்குள் சிறுத்தை நடந்தால் மென்பொருள் மௌனம் சாதிக்கும்.

இரு திரை வைத்தோருக்கு மவுஸ் அம்பு தொலைவது தனி நோய். வலப்பக்க மொனிட்டரை அமைப்பில் இடப்பக்கம் என்று பதிந்திருந்தால், அம்பு வலச்சுவரில் முட்டி நிற்கும். அமைப்பில் அவற்றின் பெட்டிகளை மாற்றி இழுத்துவிட்டால் தீரும். மொனிட்டர்களையே தூக்கி இடம் மாற்றுவது தலைமை அலுவலக மரபு.

ஐந்தாவது மடுவக் காட்சி. கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்களின் முகம், கையிலுள்ள சாக்கு, பேசும் வாய் எல்லாம் முழுத் தரத்தில் விழும். தராசின் முள் மட்டும் சட்டகத்துக்கு வெளியே நிற்கும். ஈரத்துக்கென்று கழிக்கும் கிலோவும் அங்கேதான் கழியும். லென்சின் கோணம் அவ்வளவுதான் என்று உரைகாரர் அனைவரும் ஒருமுகமாக விளக்கியுள்ளனர். கமராவைத் திருப்ப ஒரேயொரு ஸ்குரூவைத் தளர்த்தினால் போதும் என்பது குறித்து எவ்வுரையிலும் குறிப்பில்லை.