ஐந்து நட்சத்திர அனுமன்

சென்னை மூர் மார்க்கெட்டுக்குப் பழைய நாணயம் வாங்கப் போனால், வீட்டுப் பெரியவர்கள் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்புவார்கள்: "சொன்ன விலையில பாதிக்குக் கேளு. சத்தியம் பண்ணினான்னா அதுலயும் பாதி." இது கடைக்காரருக்கும் தெரியும். அதனால் விலையை நாலு மடங்காக்கித்தான் வாயைத் திறப்பார். "ஆற்காடு நவாப் காசு சார், எங்க தாத்தா வச்சிருந்தது" என்பார். நான் கல்லில் தட்டி ஓசை கேட்பேன். அவர் என் சட்டைக் காலரையும் செருப்பையும் பார்த்து என் கையிருப்பைக் கணக்குப் போடுவார். யாரும் யாரையும் நம்பவில்லை. ஆகவே யாரும் பெரிதாக ஏமாறவும் இல்லை. 1985இல் மார்க்கெட் எரிந்தபின் கடைகள் அல்லிக்குளத்துக்குப் போயின. சந்தேகமும் பத்திரமாகக் கூடவே போய்ச் சேர்ந்தது.

ஏலக்கூடத்திலும் இதே கதைதான். கடைசி வரிசையில் ஒருவர் ஓயாமல் விலையை ஏற்றிக்கொண்டே இருப்பார். ஒருநாளும் ஒரு ஸ்டூலைக்கூட வீட்டுக்குத் தூக்கிப் போனதில்லை. ஏலம் போடுபவரின் மச்சான் என்று ஊருக்கே தெரியும். விற்பவர் இப்படிப் பொய்க் கேள்வி கேட்க வைத்தால் வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. கோர்ட்டுக்கு யார் போவது? மச்சான் வாயைத் திறந்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

பிறகு நல்ல காலம் பிறந்தது. 1995இல் கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் ஓர் இணைய ஏலத் தளம் தொடங்கினார். பின்னாளில் ஈபே ஆனது அதுதான். அங்கே முதலில் விலைபோனது ஓர் உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. மனிதர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள் என்பது ஒமிடியாரின் நம்பிக்கை. வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையை 1996இல் கொண்டுவந்தார்.

மனிதர்கள் அவர் நம்பியதைவிடவும் நல்லவர்களாக இருந்தார்கள். நீ என்னைப் புகழ், நான் உன்னைப் புகழ்கிறேன் என்றார்கள். குறை எழுதினால் பதிலுக்குக் குறை வரும் என்று பயந்து மனம் திறந்து பாராட்டினார்கள். கடைசியில், விற்பவர் வாங்குபவருக்குக் குறை போடக் கூடாது என்று 2008இல் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, 2000இல், டீபன்கார்ன் என்ற ஓவியர் வரைந்ததுபோலக் காட்டி ஒரு போலிப் படத்தை ஏலம் விட்டார்கள். 1,35,805 டாலர் வரை போனது. கூட்டாளிகளே பல பெயர்களில் வந்து விலையை ஏற்றி, ஒருவருக்கொருவர் நற்சான்றும் எழுதிக்கொண்டது பிறகு தெரிந்தது. நம்ம மச்சான்தான்; கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருந்தார்.

இப்போது என் அக்கா மகன் காலம். போன வருஷம் அவன் இணையத்தில் ஒரு நாணயத்தைக் காட்டினான். 1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு பக்கம் அனுமன். "கம்பெனிக்காரன் இப்படி ஒரு காசு அடிக்கவே இல்லைடா" என்றேன்.

"மாமா, 4.8 ஸ்டார். இத்தனை பேரும் பொய்யா சொல்வாங்க?"

இத்தனை பேரில் ஒருவர் "நல்ல வெயிட், ஒரிஜினல்" என்றிருந்தார். இன்னொருவர், டெலிவரி தம்பி மரியாதையாகப் பேசியதற்கு ஐந்து நட்சத்திரம் தந்திருந்தார். மூர் மார்க்கெட்காரர் தாத்தா ஒருவரைத்தான் சாட்சிக்கு இழுத்தார், பாவம்.

அனுமன் வந்து சேர்ந்தார். காந்தத்தில் ஒட்டினார். கூடவே ஒரு சீட்டு: ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நூறு ரூபாய். காசு வாங்கிக்கொண்டு எழுதும் விமரிசனம் கூடாது என்று 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரநிலை வகுத்தது. கடைப்பிடிப்பது அவரவர் விருப்பம் என்று அப்போது விட்டும்விட்டது. விற்றவருக்கு விருப்பமில்லை போலும்.

பையன் கொதித்துப்போய் ஒற்றை நட்சத்திரம் போட்டான். மறுநாளே விற்றவர் போனில் வந்தார். அப்படிப் பணிவான குரலை மூர் மார்க்கெட்டில் நான் கேட்டதே இல்லை. "அதை மட்டும் அஞ்சாக்கிடுங்க சார். முழுப் பணமும் அனுப்பிடறேன், காயினும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

பணம் வந்தது, ஒன்று ஐந்தாயிற்று. "அருமையான சர்வீஸ்" என்று ஒரு வரியும் சேர்த்தான். "பணம் திரும்பி வந்துச்சே மாமா, அது உண்மைதானே?" என்றான். உண்மைதான். அவனுக்கு நஷ்டமில்லை, விற்றவருக்குப் பேர் கெடவில்லை, தளத்துக்குக் கமிஷன் போகவில்லை. அந்த ஒரு வரியைப் படித்து அடுத்து வாங்கப்போகிறவர் மட்டும்தான் பாக்கி. அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாதது எவ்வளவு சௌகரியம்!