பாய்ந்தும் பதிவேட்டில் தரிசு

முல்லைப் பெரியாறு அணையில் இன்று எத்தனை அடி என்று கம்பம் டீக்கடையில் கேளுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு அனுமதித்த 142 அடிக்கு எவ்வளவு குறை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையுள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்தில் கடைசி மடை நனைந்ததா என்றால், அது அந்த வயல்காரர் பாடு.

பைத்தான் நிரலுக்குச் சோதனை எழுதுகிறவர்களும் இதே கணக்குப்பிள்ளைகள்தாம். எந்தெந்த வரி ஓடியது என்று கவரேஜ் கருவி தாய்ச் செயல்முறையை அளக்கும். அது கிளப்பிவிட்ட துணைச் செயல்முறையைத் தானாக எட்டிப் பார்க்காது. ஓடி உழைத்த வரி ஓடாததாகச் சிவப்பில் நிற்கும். உடனே நம் ஆள் அந்த வரிமேல் ‘எண்ணாதே’ என்று குறிப்பெழுதி, நூறு சதவீதம் வாங்கி, மேலாளரிடம் சபாஷும் வாங்குவார்.

துணைச் செயல்முறையையும் அளக்க, பைத்தான் தொடங்கும்போதே படிக்கப்படும் .பிடிஎச் கோப்பில் ஒரு வரி சேர்ப்பது பழைய வழி. கருவியை நீக்கிவிட்டுக் கோப்பை மறந்தால், பைத்தானைத் திறக்கும்போதெல்லாம் பிழைச்செய்தி புலம்பும். ஆனாலும் வேலை நிற்காது. நம் அலுவலகங்களில் பலருக்கு இல்லாத நாகரிகம்!

2025இல் வந்த கவரேஜ் கருவியின் 7.10 பதிப்பில், அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்தால் போதும். அதைச் சேர்த்துவிட்டுச் சதவீதம் பேசுங்கள், ஐயா.