வீட்டுக்குச் சுழி பார்த்தல்: செண்பகனூர்ச் சுருள்படிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

மாட்டுக்குச் சுழி பார்த்துத்தான் விலை பேசுவார்கள். குழந்தையின் தலையில் இரட்டைச் சுழி தெரிந்தால், அது நடக்கப் பழகுவதற்கு முன்பே 'சரியான வாலு' என்று தீர்ப்பாகிவிடும். வீட்டுக்குச் சுழி பார்க்கும் துறைதான் தமிழில் இன்னும் முறையாக வளரவில்லை. இத்தனைக்கும், கூடத்து மூலையில் ஐந்தடி வட்டத்துக்குள் முறுக்கிக்கொண்டு மாடிக்குப் போகும் இரும்புப் படியின்மீது சீனத்து ஃபெங் சுயி, நம்மூர் வாஸ்து, தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஆகிய மூன்றும் தனித்தனியே புகார் வைத்திருக்கின்றன. மூன்றையும் ஒருசேர விசாரிக்கக் கொடைக்கானல் மலையின் செண்பகனூர் ஏற்ற களம் என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதற்கண் நிலம். சரிவை வெட்டிச் சமன்செய்து கிடைத்த ஒன்றரை சென்ட் என்பது 653 சதுர அடி. அதில் நடுவே மடங்கித் திரும்பும் சாதாரண மாடிப்படி ஒன்று, மூன்றடி அகலத்தில் கட்டினாலும், அறுபது சதுர அடியைக் கேட்கும். சுருள்படிக்கு ஐந்துக்கு ஐந்து போதும். மிச்சமாகும் முப்பத்தைந்து சதுர அடியில் ஒரு கட்டிலைப் போட்டு, அதைச் சுற்றி ஒருக்களித்து நடக்கலாம். ஆக, சுருள்படியை வீட்டுக்குள் கொண்டுவந்தது அழகுணர்ச்சி அன்று. பத்திரத்தில் உள்ள அளவு.

வெல்டிங் பட்டறையில் அதன் பிறப்பு எளிது. நடுவில் ஒரு தடித்த பைப்பு; அதில் விசிறி வடிவில் வெட்டிய செக்கர் பிளேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பற்றவைக்கிறார்கள். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தட்டு என்றால், வெளி விளிம்பில் கால் வைக்கப் பதினைந்து அங்குலத்துக்கு மேல் கிடைக்கும்; நடுவே எட்டு அங்குலம்; பைப்பை ஒட்டினாற்போல் ஒன்றுமே கிடைக்காது. கைப்பிடிப் பக்கமாக ஏறுகிறவர் ராஜநடை போடலாம். பைப்பைக் கட்டிப்பிடித்து ஏறுகிறவர் குதிகாலைத் தொங்கவிட வேண்டியதுதான். ஃபெங் சுயி நூல்கள் இந்த எட்டு அங்குலத்தைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

அவை பேசுவது 'ச்சி' என்னும் உயிர்க்காற்றைப் பற்றி. சுருள்படி ஒரு தக்கைத் திருகி. அது வீட்டின் நெஞ்சில் துளைபோட்டு இறங்குகிறது. தட்டுக்கும் தட்டுக்கும் இடையே அடைப்பில்லாததால் செல்வம் ஒழுகிவிடுகிறது. வீட்டின் மையத்தில் இருந்தால் ஆபத்து, வாசலுக்கு நேரே இருந்தால் பேராபத்து. இவ்வளவு கண்டிப்பான சட்டம் சீனத்தின் எந்தப் பழஞ்சுவடியில் இருக்கிறது என்று தேடப் புகுந்தால், ஃபெங் சுயியின் மூலநூலாகச் சொல்லப்படும் ஏடு நான்காம் நூற்றாண்டில் மறைந்த குவோ பூவின் பெயரில் நிற்கிறது. அது இறந்தவரை அடக்கம் செய்ய இடம் தேர்வது பற்றிய நூல். மாடி ஏறும் பிரச்சினை அங்கே யாருக்கும் இல்லை. தக்கைத் திருகி வாதம் பரவியது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். லின் யுன் அமெரிக்காவில் தொடங்கிவைத்த மரபும் அதைத் தொடர்ந்த ஆங்கிலக் கையேடுகளும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோயின. சிரிக்கும் புத்தரும் மூன்றுகால் தவளையும் நம் ஃபேன்சி ஸ்டோருக்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அதே அலையில்தான்.

அதே அமெரிக்காவில், சாந்தா ஃபே நகரத்து லொரேட்டோ சிற்றாலயத்தில், 1870களின் இறுதியில் அமைத்த மரச் சுருள்படி இருக்கிறது. முப்பத்து மூன்று படி, முழுதாக இரண்டு சுற்று, நடுத்தூண் கிடையாது. புனித சூசையப்பரே தச்சராக வந்து செய்துகொடுத்துவிட்டுக் கூலி வாங்காமல் போனார் என்பது அங்குள்ள ஐதீகம். ஒரே நாட்டில் சுருள்படி ஒரு புத்தகக்கடையில் தரித்திரம், ஒரு கோயிலில் அற்புதம். 1895இலிருந்து சேசு சபையார் திரு இருதயக் கல்லூரி நடத்திவந்த செண்பகனூர் எந்தப் பக்கம் சாயும் என்பது ஊகத்துக்குரியது.

நம் பக்கத்து ஆவணங்கள் சுழலுக்கு இன்னும் தாராளம். ஆயிரம் சங்கில் அகப்படாத வலம்புரியைப் பூசையறையில் வைத்துக் கும்பிடுகிறோம். பிள்ளையார் சுழி போடாமல் மளிகைச் சிட்டைகூட எழுதுவதில்லை. சிற்ப நூலான மயமதம் அடுக்கும் படிவகைகளில் 'சங்க மண்டலம்' என்றே ஒன்று உண்டு. சங்கைப் பூசைக்கு வைத்துக்கொண்டு, அதே வடிவத்தில் ஏறினால் மட்டும் தோஷம் என்பதற்குத் தனிச் சான்று தேவை.

இன்றைய வாஸ்து ஆலோசகர்கள் வடிவத்தோடு விடுவதில்லை, திசையும் கேட்கிறார்கள். படி வலமாகச் சுற்றி ஏற வேண்டும். நியாயம்தான், ஆனால் வலமாக ஏறிய படியில் இறங்கும்போது இடமாகத்தானே சுற்றியாக வேண்டும்? ஏறியவரெல்லாம் இறங்கியும் விடுவதால் புண்ணியமும் பாவமும் நேர்செய்யப்பட்டுவிடும் என்று சமவெளியில் சமாதானம் சொல்லலாம். செண்பகனூரில் அதுவும் செல்லாது. மலைச்சரிவில் பல வீடுகளுக்குச் சாலை மேலே, வீடு கீழே. வாசற்கதவைத் திறந்தால் காலடியில் இருப்பது மேல்தளம். அடுப்படியும் படுக்கையும் அதற்குக் கீழே. விருந்தாளி வந்ததும் முதற்காரியமாக இறங்குகிறார். செல்வம் மாடியிலிருந்து வாசல் வழியே ஓடிவிடும் என்னும் சீன அச்சத்துக்கும் இங்கே இடமில்லை. வாசல் உச்சியில் இருப்பதால் ஓடுகிற செல்வம் மூச்சு வாங்க ஏறித்தான் ஓட வேண்டும்.

எண்ணிக்கைத் தகராறு இதைவிடக் கடுமையானது. 'லாபம், நஷ்டம்' என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே ஏறினால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும், அதாவது ஒற்றைப்படை. பத்தடி உயரத்தை ஏழரை அங்குலமாகப் பிரித்தால் பதினாறு ஏற்றம் வருகிறது. மேலே தளத்தோடு சேரும் அகலத் தகட்டைப் படியாகக் கொள்வோர்க்குப் பதினாறு, நஷ்டம். தளமாகக் கொள்வோர்க்குப் பதினைந்து, லாபம். ஒரே தகடு, இரண்டு பாடபேதம். இந்தச் சிக்கலில் தெய்வங்கள் தலையிடுவதில்லை. சபரிமலையில் பதினெட்டு, தமிழ் வருடங்களுக்கு ஒன்றாகச் சுவாமிமலையில் அறுபது; இரண்டும் இரட்டைப்படை, இரண்டு இடத்திலும் கூட்டம் குறைந்தபாடில்லை.

'ச்சி'யின் ஓட்டத்தை அளக்க முடியுமா என்று கேட்பது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் கேட்கிற இடம் கொடைக்கானல். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓட்டத்தை 1909இல் கருவி வைத்துக் கண்டுபிடித்த ஊர் இது. சூரியப் புள்ளிகளை வானியலார் சுழல்களாக எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், இங்குள்ள வானாய்வகத்திலிருந்து நிறமாலையை ஆராய்ந்த ஜான் எவர்ஷெட், அங்கே வாயு சுழலவில்லை, மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று காட்டினார். எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அதற்குப் பெயர். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓட்டம் அகப்பட்ட மலையில், கூடத்து மூலையில் ஓடும் ஓட்டம் அகப்படாமலா போகும்?

அகப்படுகிறது. மார்கழி இரவில், வெளியே பத்து டிகிரிக்குக் கீழே இறங்கியபின், கூடத்தில் கணப்பு மூட்டிவிட்டுச் சுருள்படியின் அடியில் நின்றால் போதும். சூடான காற்று படிக்கிணற்றின் வழியே மேலே போய்விடுகிறது. அதன் இடத்துக்குக் கதவிடுக்கிலிருந்து குளிர்காற்று கணுக்காலைத் தேடி வருகிறது. மாடியில் இருப்பவர் கம்பளியை உதறுகிறார், கீழே விறகு வாங்கியவர் நடுங்குகிறார். வீட்டிலிருந்து ஏதோ ஒழுகுகிறது என்று ஃபெங் சுயி சொன்னது இந்த மட்டில் மெய்தான். போகும் திசையைத்தான் அது தலைகீழாகச் சொல்லிவிட்டது. ஒழுகுவது செல்வமே என்பதை விறகுக்கடைக்காரர் உறுதிசெய்வார்.

மூன்றாவது புகார்தாரரான கட்டட விதித்தொகுப்புக்குக் கற்பனை குறைவு. தீயிலிருந்து தப்பும் வழியாகச் சுருள்படி வைப்பதானால் ஆள் நடமாட்டம் குறைந்த, ஒன்பது மீட்டருக்கு மேற்படாத கட்டடமாக இருக்கட்டும், விட்டம் ஒன்றரை மீட்டருக்குக் குறைய வேண்டாம், தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

மூன்று சாஸ்திரமும் சேர்ந்து கோட்டைவிட்டது பீரோவை. ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் கொண்ட இரும்புப் பீரோ, பைப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள இரண்டேகால் அடியில் எந்தக் கோணத்திலும் திரும்பாது. முதல் வளைவிலேயே ஒரு முனை பைப்பில் முட்டும், மறுமுனை சுண்ணாம்பைப் பெயர்க்கும். "அப்படியே சாய்ங்க… இல்லண்ணே, அந்தப் பக்கம்" என்று கால்மணி நேரம் போனபின் இறக்கி, கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவார்கள். சரிவு வீடென்றால் சாலையிலிருந்து கீழ்த்தளத்துக்கு இறக்க வேண்டும், கயிறு இன்னும் நீளம். பீரோவாவது வாழ்நாளில் ஒரு தடவை. முழங்கால் போன பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நாற்காலியோடு தூக்க வேண்டி வரும்போதும் இதே இரண்டேகால் அடிதான்.

இனி பரிகாரம். படியின் அடியில் பூந்தொட்டி வைக்கச் சொல்கிறார்கள். கொடைக்கானலில் எதை நட்டாலும் பூக்கும், ஆட்சேபமில்லை. மேலே பளிங்கு உருண்டை தொங்கவிட்டால் ஒளி சிதறி 'ச்சி' மேலெழும். ஆனால் மூடுபனி நாட்களில் உருண்டைக்கு வேலை இருக்காது. காற்றுமணி கட்டினால் ஐப்பசிக் காற்றில் அது விடியவிடிய அடித்து, தோஷத்தோடு அண்டை வீட்டாரையும் எழுப்பிவிடும். இவ்வாய்வு பரிந்துரைப்பது வேறு: படிக்கிணற்றின் மேல்வாயில் கீல் வைத்த ஒரு பிளைவுட் மூடி. சூடு மேலே போகாது, 'ச்சி' கீழே இறங்காது. தச்சர் அரைநாளில் முடித்துவிடுவார். கரண்ட் இல்லாத இரவில், அது மூடியிருப்பதை மறந்து கீழிருந்து ஏறுகிறவரின் தலைக்குத்தான் பரிகாரம் தனியாகத் தேட வேண்டும்.