கூட வந்தவர் கண்: கணினித் திரைத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

கணினி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் தமிழகமெங்கும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வருகின்றன. எந்த பிராசசர்? ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டி எவ்வளவு? வாரன்ட்டி எத்தனை வருஷம்? பை இலவசமா? முதல் மூன்றும் பெட்டிக்குள் இருப்பவை. வாங்கியவர் தம் ஆயுளில் அவற்றைக் கண்ணால் காணப்போவதில்லை. நான்காவது வெறும் காகிதம். ஐந்தாவதில் ஊருக்குப் போகும்போது துணி வைத்துக்கொள்வார்கள். கணினியில் மனிதர் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே உறுப்பு திரை. அதைப் பற்றி மட்டும் கேள்வி கிடையாது. மிஞ்சிப்போனால் "டிஸ்பிளே நல்லா இருக்குமா?" என்பார்கள். "சூப்பரா இருக்கும் சார்" என்று பதில் வரும். இத்துறையில் இதுவரை நடந்துள்ள விவாதம் இவ்வளவே. இக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்தது இவ்வாய்வு.

கருதுகோள்

ஒரு குடும்பம் வாங்கும் கணினியின் திரை, அதைப் பயன்படுத்தப்போகிறவரின் கண்ணுக்குப் பொருந்துவதில்லை. கடைக்குக் கூட வந்தவரின் கண்ணுக்கே பொருந்துகிறது.

கூட வந்தவர் யார் என்பதை வரையறுத்துக்கொள்வது முறை. ஒவ்வொரு தெருவிலும் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான். பெரும்பாலும் பொறியியல் மூன்றாம் ஆண்டு. அக்கம்பக்கத்தில் யாருக்குக் கணினி வாங்கினாலும் அவனைத்தான் அழைத்துப் போவார்கள். அவனுக்குத் தேவை என்று ஒன்று உண்டு. வாங்கப் பணம் கிடையாது. வாங்குபவரிடம் பணம் உண்டு. தேவை என்ன என்று தெரியாது. இவ்விரண்டும் கடை வாசலில் சந்திக்கும்போது ஒரு கேமிங் லேப்டாப் விற்பனையாகிறது.

ஆய்வுக்களமும் மாதிரியும்

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெரு களமாகக் கொள்ளப்பட்டது. மாதிரியின் அளவு ஒரு குடும்பம். ஆய்வாளரின் பெரியப்பா, தாலுகா அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நாளிதழ்களின் ஈ-பேப்பர், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றின் தீவிர வாசகர். பெரியம்மா, இணையத்தில் புடவை பார்ப்பவர். கூட வந்தவர், எதிர்வீட்டுத் தம்பி. மாதிரி சிறிது என்று புள்ளியியலார் ஆட்சேபிக்கலாம். அவர்கள் பெரியப்பாவுடன் ஒருமுறை கடைக்குப் போய் வந்தால் ஒரு குடும்பமே தாராளம் என்பார்கள்.

முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் முதல்வர் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். கண் பரிசோதனை அறையில் மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே வரும் எழுத்துப் பலகை அவர் 1862இல் வெளியிட்டது. பார்வை 6/6 உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அகலமுள்ள கோட்டைப் பிரித்தறியும் என்பது அதன் அடிப்படை. அடுத்தவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2010இல் ஐபோன் 4ஐ மேடையில் காட்டி, அங்குலத்துக்கு 326 பிக்ஸல் கொண்ட இத்திரையைக் கையில் பிடிக்கும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தனித்தனியே தெரியா என்றார். இருவருக்கும் நடுவே 148 ஆண்டுகள். இருவரும் சொன்னது ஒன்றே: தெளிவு என்பது திரையில் மட்டும் இல்லை, கண்ணுக்கும் திரைக்கும் இடையே உள்ள தூரத்திலும் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு வாய்பாடு கிடைக்கிறது. 3438ஐத் தூரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால், அந்தத் தூரத்துக்கு அங்குலத்துக்கு எத்தனை பிக்ஸல் போதும் என்று வரும். ஓரடி தூரத்தில் பிடிக்கும் கைபேசிக்கு 286. இரண்டடி தள்ளி வைக்கும் கணினிக்கு 143. எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் டிவிக்கு வெறும் 36. கடையில் விற்கும் 15.6 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப்பில் 141 இருக்கிறது. ஆக, இரண்டடிக்கு அது சரியாகப் போதும். 43 அங்குல ஃபுல் எச்டி டிவியில் 51 இருக்கிறது. எட்டடி தள்ளி சோபாவில் உட்காருகிறவருக்கு அதுவே மிகுதி. அதே அளவில் 4கே டிவி வாங்கியவர் தம் பணத்தின் முழுப்பயனைக் காண வேண்டுமானால் சோபாவை முன்னால் இழுத்துப் போட வேண்டும். யாரும் இழுத்ததாகத் தெரியவில்லை.

இயல் 1: கிளி

எந்தக் கடையிலும் திரைகளில் ஓடுவது கிளி. கிளி இல்லாவிட்டால் மெதுவாக வழியும் தேன், பனித்துளி நிற்கும் ரோஜா, இரவில் ஒளிரும் ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். வெளிச்சம் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். வாங்க வந்தவர் கிளியின் இறகை எண்ணிப் பார்த்துப் பரவசமடைந்து பணம் கட்டுகிறார். வீட்டில் அந்தத் திரையில் கிளி ஒருபோதும் வராது. வருவன: எக்செல் கட்டங்கள், வங்கிப் பக்கம், பேரனின் ஆன்லைன் வகுப்பு, மின்கட்டண ரசீது. எல்லாம் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வெள்ளைத் தாளையும் கறுப்பு எழுத்தையும் காட்டி எந்தக் கடையும் இதுவரை ஒரு திரையை விற்றதில்லை. தேவையைக் காட்டினால் வியாபாரம் நடக்காது என்பது கடைக்காரர்கள் நன்கறிந்த உண்மை.

இயல் 2: புள்ளி

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று விதித்தவர் தொல்காப்பியர். ஓலைச்சுவடி எழுதியவர்கள் அவ்விதியைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அச்சு வந்தபின் புள்ளி திரும்பி வந்தது. மலிவு விலைத் திரை வந்தபின் மறுபடி ஆபத்தில் சிக்கியது.

எச்டி என்ற பெயரில் 1366க்கு 768 என்ற அளவில் இன்றும் விற்கும் 15.6 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 100 பிக்ஸல்தான். சிறிய எழுத்தில் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்ஸல். ஓரத்தைச் சாம்பல் பூசி மென்மையாக்கும்போது அதுவும் மங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘ஐ’க்கு மேலுள்ள புள்ளி தெரியாவிட்டாலும் சொல் புரியும். தமிழில் ‘பட்டா’ ‘படடா’ ஆகிவிடும். சர்வே எண்ணில் 3 எது, 8 எது என்ற ஐயம் எழும். நிலம் வாங்கும்போது இவ்வகை ஐயம் எழக்கூடாது என்பது பெரியப்பாவின் முப்பதாண்டு அலுவலக அனுபவம்.

ஆகவே இந்தக் குடும்பத்தில் உயர்ந்த தெளிவுத்திறன் யாருக்குத் தேவை என்றால், வில்லங்கச் சான்றிதழ் படிக்கும் பெரியப்பாவுக்கு. ஆனால் கடையில் நடந்த உரையாடல் வேறு.

"அங்கிள், உங்களுக்கு எச்டியே போதும். நீங்க பேப்பர்தானே படிக்கப் போறீங்க?"

"ஆமாம்பா, பேப்பர்தான்."

வாசிப்புக்கு மட்டமான திரை போதும், பார்ப்பதற்குத்தான் நல்ல திரை வேண்டும் என்ற இந்த நம்பிக்கை கூட வந்தவர்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. உண்மை இதற்கு நேர் எதிர். ஓடும் படத்தில் பிக்ஸல் குறைந்தால் கண் மன்னித்துவிடும். நிற்கும் எழுத்தில் மன்னிக்காது.

அங்குலக் கணக்கிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. கடைக்காரர் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. 16:9 வடிவில் 15.6 அங்குலத் திரையின் உயரம் 7.65 அங்குலம். 16:10 வடிவில் 14 அங்குலத் திரையின் உயரம் 7.42. பக்கம் படிப்பவருக்கு வேண்டியது உயரம். அதில் இரண்டுக்கும் கால் அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. மிச்சமெல்லாம் அகலம். அது சினிமாவுக்கு உதவும், பையின் எடைக்கும் உதவும்.

இயல் 3: நிறம்

விவரக் குறிப்பில் சிறிய எழுத்தில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்றொரு வரி இருக்கும். என்டிஎஸ்சி 1953இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த நிற வரம்பு. இணையம் பயன்படுத்துவது எஸ்ஆர்ஜிபி. அது 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்தது. முன்னதில் 45 சதவீதம் என்றால் பின்னதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி நிறங்கள் அந்தத் திரைக்கு வராது; பக்கத்தில் உள்ள நிறத்தைக் காட்டிச் சமாளிக்கும்.

நிறத்துல்லியம் யாருக்குத் தேவை என்று கேட்டால், போட்டோ எடுப்பவருக்கு, வீடியோ எடிட் செய்பவருக்கு என்று கூட வந்தவர் பட்டியலிடுவார். பெரியம்மாவை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எம்.எஸ். புளூவுக்கும் மயில்கழுத்துக்கும், ராமர் பச்சைக்கும் கிளிப்பச்சைக்கும், வெங்காயத்தோலுக்கும் கத்தரிப்பூவுக்கும் வேறுபாடு அறிந்தவர் அந்தக் குடும்பத்தில் பெரியம்மா ஒருவரே. நிறம் வெளிறிய திரையில் அரக்கைப் பார்த்து அவர் செங்கல் என்று ஒதுக்குகிறார். அந்த அனுபவத்தால், செங்கலைச் செங்கலாகவே காட்டும்போது அரக்கு என்று நம்பி வாங்குகிறார். பெட்டி பிரித்ததும் திருப்பி அனுப்புகிறார். நிறம் சற்று மாறலாம் என்று விற்பவர்கள் முன்கூட்டியே போட்டுவிடுவதால் பழி யார்மேலும் விழுவதில்லை. குடும்பத்தில் நூறு சதவீத எஸ்ஆர்ஜிபி திரை உண்மையிலேயே தேவைப்படும் ஒரே ஆளை, வெயிலாக இருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

இயல் 4: வேகம்

சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு படம் 16.7 மில்லி நொடி நிற்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு 6.9 மில்லி நொடி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எதிரி மூலையில் திரும்பும் கணத்தை இது சற்று முன்னதாகக் காட்டும். பக்கத்தை உருட்டும்போதும் வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரி சற்று வேகமாகக் கரையும். சினிமா எடுப்பதே நொடிக்கு 24 படம் என்பதால், படம் பார்ப்பவருக்கு இதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை.

எதிர்வீட்டுத் தம்பி கடையில் உறுதியாக நின்றது இந்த ஒன்றில்தான். "144 ஹெர்ட்ஸ் இல்லாம வாங்காதீங்க அங்கிள், அப்புறம் ஃபீல் பண்ணுவீங்க." விளைவாக, நாளொன்றுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் நாளிதழைப் பெரியப்பா நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரையில் படித்துவருகிறார். விசைப்பலகையில் ஏழு வண்ண விளக்கு எரிகிறது. அதை அணைக்கும் வழி தம்பிக்குத்தான் தெரியும். அதற்காக அவன் மாலையில் வருகிறான். வந்தால் இரண்டு மணிநேரம் விளையாடிவிட்டுப் போகிறான். கருதுகோள் இவ்வியலில் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படுகிறது.

இயல் 5: கோணமும் இடமும்

டிஎன் வகைத் திரையைக் கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு, நிறம் தலைகீழாகும். நாற்காலியில் இருப்பவருக்கு நாயகனாகத் தெரிபவர், தரையில் கால்நீட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு போட்டோ நெகட்டிவாகத் தெரிவார். 1996இல் ஹிட்டாச்சி கொண்டுவந்த ஐபிஎஸ் முறையில் இந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. தனியாகப் பார்ப்பவருக்கு டிஎன் கெடுதல் இல்லை. வீடே சேர்ந்து பார்க்குமானால் ஐபிஎஸ்தான். ஓஎல்இடியில் கறுப்பு சுத்தக் கறுப்பு. ஆனால் நாள் முழுக்கச் செய்தி ஓடவிடும் வீட்டில் ‘பிரேக்கிங் நியூஸ்’ சிவப்புப் பட்டை திரையில் நிரந்தரமாகப் படிந்துவிடும் அபாயம் உண்டு.

பளபளப்புத் திரை கடையில் அழகு. வீட்டுக் கூடத்தில் அது டியூப்லைட்டையும் மின்விசிறியையும் காட்டும்; கறுப்புக் காட்சி வந்தால் பார்ப்பவரையே காட்டும். 250 நிட்ஸ் வெளிச்சம் அறைக்குப் போதும், திண்ணைக்குப் போதாது. நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். அதனோடு போட்டி போடுவதைவிடக் கணினியை உள்ளே எடுத்துப் போவது மலிவு.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டியவர் இரட்டை வில்லைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உயரமான மானிட்டரைப் பார்த்தால், கீழ்வில்லை வழியாகப் படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும். மாலைக்குள் கழுத்து வலிக்கும். மானிட்டரை இறக்கி வைப்பது ஒரு வழி. கணினித் தூரத்துக்கென்று தனிக்கண்ணாடி போடுவது இன்னொரு வழி. இரண்டும் புது மானிட்டரைவிடச் செலவு குறைந்தவை. கண் மருத்துவரிடம் போகாமல் 4கே வாங்கிக் கண்ணைச் சரிசெய்ய நினைப்பவர்கள் பெருகிவருகிறார்கள்.

மறுப்பும் விடையும்

தேவைக்கு மேல் வாங்கினால் பிற்காலத்துக்கு உதவுமே என்பர் ஒரு சாரார். உதவும், ஆனால் திரையைப் பொறுத்தவரை பிற்காலத்தில் பெரும்பாலும் மாறுவது கண். அது முன்னேறும் திசையில் மாறுவதில்லை. வேறு சிலர், எல்லாருக்கும் எல்லாத் தேவையும் ஒருநாள் வரும் என்பர். பெரியப்பா துப்பாக்கிச் சண்டை விளையாடும் நாள் வரட்டும். அன்று இவ்வாய்வு திருத்தி எழுதப்படும்.

பரிந்துரைகள்

ஒன்று: கடைக்குப் போகுமுன், கணினி வைக்கப்போகும் மேசையில் உட்கார்ந்து கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, 3438ஐ அதனால் வகுத்துக்கொள்ளவும்.

இரண்டு: கடையில் கிளியை நிறுத்தச் சொல்லவும். பதிலாக ஒரு நாளிதழ்ப் பக்கத்தையும் ஒரு பட்டாவையும் திறந்து, எழுத்தைப் பெரிதாக்காமல் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்க்கவும்.

மூன்று: இணையத்தில் வாங்கிய புடவை ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், அது விற்ற பக்கத்தைத் திறந்து திரைக்குப் பக்கத்தில் பிடிக்கவும். கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

நான்கு: எதிர்வீட்டுத் தம்பியை அழைத்துப் போவதில் தவறில்லை, ரேமும் எஸ்எஸ்டியும் அவன் பொறுப்பு. திரை விஷயம் வந்ததும் அவனை ஜூஸ் வாங்கி வர அனுப்பவும்.

முடிவுரை

நல்ல திரை என்று உலகில் ஒன்று இல்லை. இன்னார் கண்ணுக்கு, இன்ன தூரத்தில், இன்ன வேலைக்கு நல்ல திரை என்றுதான் இருக்கிறது. ஆகவே கணினி வாங்கப் போகும் குடும்பத்தாருக்கு இவ்வாய்வின் வேண்டுகோள் ஒன்றே: பயன்படுத்தப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மறக்காமல் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.