எறும்புக்குத் தெரிந்தது

கணபதி பண்டிகைக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரருக்கு இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் உட்காரும் மோச்சியிடம் பெல்ட்டில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். பத்து நாளில் இன்னொன்று. அடுத்த வாரம் மூன்றாவது. பெல்ட் நுனி இடுப்பைச் சுற்றிப் போய் முதுகுப்பக்கம் வால் மாதிரி ஆடியது.

சொசைட்டியே கொண்டாடியது. எதிர்வீட்டு மராத்தி காகூ, "கித்தி பாரீக் ஜாலே!" (எவ்வளவு இளைச்சிட்டார்!) என்று வாய் பிளந்தாள். நான் சும்மா இருந்தேனா? "எல்லாம் என் கேப்பைக் கஞ்சிதான்" என்றேன். மூன்று வீட்டுப் பெண்கள் பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். குறைந்தது ஒன்பது கிலோ. அதில் நூறு கிராமுக்குக்கூடக் கஞ்சி பொறுப்பில்லை.

அதே சமயம் பாத்ரூமில் எறும்பு. வேலைக்கு வரும் மாவுஷியைத் திட்டினேன், பினாயிலை மாற்றினேன், எறும்பு சாக்பீஸ் வாங்கிக் கோடு இழுத்தேன். ராத்திரி நாலு தடவை அவர் எழுந்து போவதையும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும், இந்த எறும்பையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்து வைத்தியர்கள் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே மதுமேகம் என்று சொல்லிவிடுவார்கள். நான் சாட்சிகளைக் கொன்றுகொண்டிருந்தேன்.

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து வந்த சித்திதான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இது இளைச்சதில்ல, உருகுனது" என்றாள்.

டாக்டரிடம் ஓடினோம். டிபியா, தைராய்டா என்று எல்லாம் பார்த்தார்கள். இவர் இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் நல்ல பிள்ளையாக ரத்தம் கொடுத்தார். ஹெச்பிஏ1சி அதற்கெல்லாம் மசியுமா? சிவப்பணுவின் ஆயுசு ஏறக்குறைய 120 நாள். அதில் ஒட்டியிருந்த சர்க்கரை, பண்டிகை மோதகம் வரை ஒப்பித்துவிட்டது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய். இவருக்கு 11.8. "எத்தனைக்கு டாக்டர்?" என்று கேட்டார் இவர்.

"நல்லாத்தானே சாப்பிடுகிறார், பிறகு ஏன் மெலிகிறார்?" என்றேன். டாக்டர் மும்பைக்காரர். "ஏசி லோக்கல் ரயில் வந்து நிற்கிறது, கதவு திறக்கவில்லை. பிளாட்ஃபாரத்தில் முண்டும் கூட்டம்தான் சர்க்கரை. கதவைத் திறப்பது இன்சுலின்" என்றார். ரத்தத்தில் சுமார் 180-ஐத் தாண்டியதும் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே தள்ளும். அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பட்டினி கிடக்கும் உடம்பு சொந்தக் கொழுப்பையும் சதையையும் எரிக்கும்.

ஆரம்பத்தில் சில வாரம் இன்சுலின். ஃப்ரிட்ஜ் கதவில் கொத்தமல்லிச் சட்னிக்குப் பக்கத்தில் ஊசிப் பேனா குடியேறியது. முதல் நாள் அவர் கண்ணை மூடிக்கொண்டார், நான் குத்தினேன், கத்தியது நான்தான்.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அத்தனை பேரிடமும் ஆளுக்கொரு மருந்து இருக்கிறது என்பது என் ஆய்வு. வாட்ச்மேன் பாகற்காய் என்றார். சித்தி நாவல்கொட்டைப் பொடி அனுப்பினாள். இவரோ தன் வழக்கைத் தானே வாதாடினார். ஆபீஸ் வாசலில் ஆறு சாய் குடித்ததைப் பிடித்தபோது, "கட்டிங்தானே, அரை கிளாஸ்" என்றார். ஆறு அரை மூணு என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா கஃபே மெட்ராஸ் வரிசையில் நின்றுகொண்டு, "இங்கே ராகி தோசை உண்டு, உன் கஞ்சிக்குச் சொந்தம்தான்" என்றார். ஒன்றோடு எழுப்பிக் கூட்டி வந்தேன்.

பொங்கலுக்குள் ஐந்து கிலோ திரும்பி வந்தது. பெல்ட் இரண்டு ஓட்டை பின்வாங்கியது. காகூ அவரைப் பார்த்து உச்சுக்கொட்டி, "அரே, பரத் போட் ஆல!" (மறுபடி தொப்பை வந்துடுச்சே!) என்றாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "கஞ்சியை நிறுத்திட்டியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு ராத்திரி பாத்ரூம் மூலை மூலையாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு எறும்பு இல்லை.