சொட்டுக்கு ஒரு கணக்கு

கேள்வி: சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பிளம்பருக்குக் காத்திராமல், முதன்முறையாக நானே கழற்றிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தாராளமாக! கோமதி அம்மன் தபசிருந்த ஊர்க்காரருக்குப் பொறுமையைச் சொல்லியா தர வேண்டும்? நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. லிட்டர் கணக்கில் தண்ணீர் வீணாகும்.

முதலில் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். திருகாணி உருண்டு போகாமலிருக்க, குழாய்க்குக் கீழே உள்ள கழுவு தொட்டியின் (சிங்க்) ஓட்டையைத் துணியால் அடையுங்கள். பிறகு தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றினால், பெரும்பாலும் தேய்ந்த வாஷர்தான் குற்றவாளி. அதையே கடைக்கு எடுத்துப்போய், அதே அளவில் புதியது வாங்குங்கள்.

கசிவு சுவர் இணைப்பில் என்றால், மரையில் டெஃப்ளான் டேப் சுற்ற வேண்டும். விசைத்தறி ஊரில் சுற்றத் தெரியாதவர் உண்டா? குழாயை முடுக்கும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் உரிந்துவிடும். முடுக்குவதில் பலம் காட்டாதீர்கள், மரை கெடும்.

சுவருக்குள் ஈரம் தெரிந்தாலோ, வால்வு மூடாவிட்டாலோ பிளம்பரைக் கூப்பிடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் கையால் முடியும். இன்றே தொடங்குங்கள், சேமிக்கும் ஒவ்வொரு குடமும் வெயில் காலத்தில் உங்களுக்கே உதவும்.