நடுக்கோபுரத்திலிருந்து தெரியும் கடல்

அந்தமான் செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தில் ஏறி மொட்டைமாடிக்கு வந்துவிட்டால், போர்ட் பிளேரின் மிக அழகான காட்சி அங்கே கிடைக்கிறது. எதிரே ராஸ் தீவு. இடப்பக்கம் நார்த் பே. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் தென்னைகளுக்கு அப்பால் தெரியுமே, அந்தக் கடற்கரைதான். அதற்கும் மேலே பச்சைப் பசேலென்று மவுண்ட் ஹாரியட். காலையில் ஒரு நீலமாக இருக்கும் கடல், உச்சிவெயிலில் வேறொரு நீலமாகிவிடுகிறது. நான் போன அன்று கைப்பிடிச் சுவரோரம் நிற்க இடமில்லை. குடும்பம் குடும்பமாக வந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காட்சி ஒரு காலத்தில் காவலர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கைதியின் அறை பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். சுமார் பத்தடி உயரத்தில் சிறியதொரு காற்றுவழி. முன்பக்கம் கம்பிக் கதவு. அதன் வழியே பார்த்தால் அடுத்த வரிசைக் கட்டடத்தின் முதுகுதான் தெரியும். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல நடுக்கோபுரத்திலிருந்து ஏழு வரிசைகள் பிரிந்து போக, ஒன்றின் முகம் எப்போதும் இன்னொன்றின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் கண்ணைப் பார்த்துவிடக் கூடாது. கதவின் தாழ்ப்பாளைப் பாருங்கள்: அது நீண்டு போய், பக்கத்துச் சுவரில் குடைந்த பள்ளத்துக்குள் விழுகிறது. உள்ளேயிருந்து எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. ஒரு பொறியாளர் உட்கார்ந்து மனிதக் கையின் நீளத்தைக் கணக்கிட்டிருக்கிறார்.

1858 மார்ச்சில், சிப்பாய் எழுச்சியில் பிடிபட்ட இருநூறு பேரோடு இங்கே கைதிக் குடியேற்றம் தொடங்கியது. சிறைக் கட்டட வேலை தொடங்கியது 1896-இல்தான், முடிந்தது 1906-இல். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் இந்தச் சிறை இல்லாமலேயே தண்டனை நடந்திருக்கிறது. காடு வெட்டுவதும் சதுப்பைத் தூர்ப்பதும் சாலை போடுவதும்தான் தண்டனை. 1890-இல் லயால், லெத்பிரிட்ஜ் என்ற இரண்டு அதிகாரிகள் வந்து ஆராய்ந்து, இந்தியச் சிறைகளைவிட அந்தமானே மேல் என்று கைதிகள் நினைக்கிறார்கள், தீவாந்தர தண்டனைக்கு யாரும் அஞ்சுவதில்லை என்று எழுதினார்கள். திறந்த வெளியும் சக மனிதர்களும் இருந்ததால் மனிதர்கள் தாக்குப்பிடித்துவிட்டார்கள். அதைத்தான் குறை என்று கண்டுபிடித்து, தனிமையையே தண்டனையாக்கும் கட்டடத்தை எழுப்பினார்கள். அதைக் கட்டியவர்களும் கைதிகளே.

என் சிறுவயதில் நாங்கள் இந்த ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு இங்கே மாற்றலாகியிருந்தது. எண்பதுகளின் தொடக்கம், மதராஸ் துறைமுகத்தில் எம்.வி. ஹர்ஷவர்தனா கப்பலில் ஏறினால் இங்கே ஹாடோ துறையில் இறங்க மூன்று நாட்களாகும். கீழ்த்தளத்தில் டீசல் வாடையும் வாந்தி வாடையும். அம்மா படுத்தபடியே வந்தாள். அப்பா என்னை மேல்தளத்துக்குக் கூட்டிப்போய்ப் பறக்கும் மீன்களைக் காட்டினார். இதே கடலில் ‘மகாராஜா’ என்ற கப்பல் கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவந்தது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. இந்த முறை சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம்.

என் தங்கை பிறந்தது கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனையில். அது சிறை வளாகத்துக்குள்ளேயே எழுந்த மருத்துவமனை. சிறையின் ஏழு வரிசைகளில் இரண்டை, உலகப் போரின்போது தீவுகளைப் பிடித்த ஜப்பானியர் தங்கள் ஆட்சிக்காலத்தில் இடித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு இடிபட்டன. மீதமுள்ளவற்றை இடிக்கக் கூடாது என்று முன்னாள் கைதிகள் போராடித்தான் நிறுத்தினார்கள். 1979 பிப்ரவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் சிறையைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்பாவும் நானும் அம்மாவைப் பார்க்க டிபன் கேரியரோடு போகும்போது, செங்கல் தெரியும் அந்த நீளமான கட்டடத்தை ஒட்டித்தான் நடப்போம். ஆட்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். உள்ளே போகலாமா என்று கேட்டேன். “அங்கே நிறையப் பேர் கஷ்டப்பட்டிருக்காங்கம்மா, இன்னொரு நாள் போவோம்” என்றார் அப்பா. மாற்றல் வந்து ஊர் திரும்பும்வரை கூட்டிப்போகவே இல்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து நேராக அங்கே போக அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். மனிதர்களை உடைக்கக் கட்டிய இடத்தில் இந்தத் தீவுகளின் பிள்ளைகள் பிறக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய ஆறுதல். நினைவுச் சின்னங்களில் நான் பார்த்த மிக நல்ல மாற்றம் அதுதான்.

இப்போது ஊரின் பெயரே மாறிவிட்டது. 2024-இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ராஸ் தீவுக்கு 2018-இல் நேதாஜியின் பெயர் வைத்தார்கள். ஆட்டோ ஓட்டிய ராமநாதபுரத்துத் தம்பி மட்டும் “ராஸுக்குப் போட் ஏறணுமாக்கா, ஜெயிலுக்குப் போகணுமா?” என்று பழைய பெயரிலேயே கேட்டார். சிறைக்கு எதிரே இளநீர்க் கடைகளும் ஸ்கூபா விளம்பரப் பலகைகளும் நின்றன. வாசலில் வரிசை. வரிசையில் பாதித் தமிழ்க் குரல்கள். பலரும் ‘சிறைச்சாலை’ படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1996-இல் வந்த அந்தப் படம் பாடப் புத்தகங்களைவிட அதிகம் பேரை இங்கே கூட்டி வந்திருக்கும்.

முற்றத்தில் செக்கு இருக்கிறது. மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டி, நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும் என்பது கணக்கு. பதின்மூன்று கிலோவுக்கும் மேல். அளவு குறைந்தால் அடி, நிற்க வைத்துக் கைவிலங்கு, சாக்குத் துணி உடுப்பு. தமிழர் யாரும் இந்தச் செக்கின் முன் சும்மா நிற்க முடியாது. கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். 1908-இல் அவருக்கு முதலில் விதித்ததும் தீவாந்தர தண்டனைதான். மேல்முறையீட்டில் குறையாமல் போயிருந்தால் இங்கே வந்திருப்பார்.

இங்கே வந்த அரசியல் கைதிகளில் உல்லாஸ்கர் தத்தர் மனநிலை குலைந்தார். இந்து பூஷண் ராய் 1912-இல் தன் அறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். 1933 மே மாத உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் வலுக்கட்டாயமாகக் குழாய் செருகிப் பாலூட்டியதில் இறந்தார்கள். 1937-இல் மறுபடி உண்ணாவிரதம். அதற்குப் பிறகுதான் அரசியல் கைதிகளைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். மக்களுக்கு வைத்தியம் பார்த்த திவான் சிங்கை, உளவாளி என்று சொல்லி இதே சிறையில் சித்திரவதை செய்தார்கள். 1944 ஜனவரியில் அவர் இறந்தார்.

அறைகளுக்குள் நின்று கம்பியைப் பிடித்தபடி சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பேசக்கூடத் தடை இருந்த தாழ்வாரத்தில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுவதைப் பார்க்க, இங்கே மாண்டவர்களும் விரும்பியிருப்பார்கள். என் மனக்குறை வேறு. கோபுரத்தில் பளிங்குக் கற்கள் இருக்கின்றன. வங்காளம், பஞ்சாப் என்று மாகாணவாரியாகப் பெயர்கள். எல்லாம் அரசியல் கைதிகளின் பெயர்கள். அவர்களுக்கு அந்த மரியாதை வேண்டும். இன்னும் அதிகமாகவே வேண்டும். ஆனால் செங்கல் சுமந்து, காடு வெட்டி, மலேரியாவில் செத்து, இந்த ஊரை உண்டாக்கிய ஆயிரக்கணக்கான சாதாரணக் கைதிகளுக்கு ஒரு கல்லும் இல்லை. கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள்தான். பசியில் திருடியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். 1859 மே மாதம் இதே ஊரின் அபர்தீன் பகுதியில் வில்லும் அம்புமாக வந்து துப்பாக்கிகளை எதிர்த்த கிரேட் அந்தமானியர், அதன் பிறகு நோயில் கொத்துக் கொத்தாக மடிந்து, இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டார்கள். சிறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள் பெயரைக் கேள்விப்படாமலேயே திரும்புகிறார்கள்.

ஊருக்குள் டிலானிபூர் பகுதியில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுச் சாச்சியைப் பார்க்கப் போனேன். எண்பது வயதாகிறது. அவர் ‘லோக்கல் பார்ன்’. கைதிகளின் வழிவந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நல்லொழுக்கச் சீட்டுப் பெற்ற ஆண் கைதிகள் அனுமதியோடு பெண் கைதிகளை மணந்துகொண்டு நிலம் வாங்கிக் குடியமரலாம் என்று அப்போது விதி இருந்தது. எந்தச் சாதி, எந்த மொழி என்று பார்க்க அங்கே வழியில்லை. வெவ்வேறு மாகாணத்தவர் ஒருவரையொருவர் கைப்பிடித்தார்கள். பிள்ளைகள் இந்துஸ்தானி பேசினார்கள். சாதிச் சண்டை இல்லாத ஒரு தெருவை நான் முதலில் பார்த்தது சாச்சியின் தெருவில்தான். எங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகே அது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்தது.

சாச்சி டீ போட்டுக்கொண்டே இந்தியில் சொன்னார்: “நீ மதராஸ்காரிதானே. என் கொள்ளுத்தாத்தாவும் அந்தப் பக்கம்தான். திருநெல்வேலி என்று அப்பா சொல்வார். பஞ்சத்து வருஷம் நெல் வண்டியை மறித்த கேஸாம். கழுத்தில் தொங்கவிட்ட மரவில்லையை அப்பா பெட்டியில் வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்தபோது பெட்டியோடு போய்விட்டது.” சிறைக்குச் செங்கல் தூக்கியவர்களில் அந்தக் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர் என்பது வீட்டுப் பேச்சு. சாச்சி கேட்டது ஒன்றுதான்: எந்தக் கிராமம் என்று கண்டுபிடிக்க முடியுமா? பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டுமாம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீதித்துறைக் கோப்புகளைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் உலுக்கிய காலம். தானியக் கொள்ளை வழக்குகளுக்குக் குறைவில்லை. பெயரை எழுத்துக்கு எழுத்து எப்படி எழுதியிருப்பார்கள் என்று தெரியாமல் தேடுவது மெதுவான வேலை. திருநெல்வேலிச் சீமையில், தாது வருஷத்தையொட்டித் தீவாந்தரம் போய்த் திரும்பாத ஒரு பாட்டனைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால், அவர் பெயரையும் ஊரையும் தெரிந்த மட்டும் இப்போதே எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். சாச்சியிடம் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. ஊர் நம்மில் யாரிடமாவது இருக்கலாம்.